பாவாயி உரித்த முட்டை

சத்தியம். அவித்த முட்டை மேல் சத்தியம், அவிக்காத முட்டை மேல் சத்தியம், அதை இட்ட கோழி மேலும் அந்தக் கோழியைக் கூவி எழுப்பிய சேவல் மேலும் சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு முட்டை வெந்ததா வேகாததா என்று தெரியவேண்டுமானால் உடைத்துப் பார்க்கமாட்டோம், தட்டில் படுக்க வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிடுவோம். வெந்தது பம்பரம் மாதிரி நேராகச் சுற்றும், வேகாதது கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி தள்ளாடும். என் சொல்லையும் ஒவ்வொன்றாக அப்படிச் சுற்றிப் பாருங்கள். ஒன்று தள்ளாடினாலும் இந்த மீசையை நீங்களே சிரைத்துவிடலாம், தண்ணீர்கூடத் தொடவேண்டாம்.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற சாலையில் ஆண்டிக்காடு பிரிவு என்று ஒரு நிறுத்தம். எங்கள் பக்கத்தில் சாலை இரண்டாகப் போகிற இடத்தையெல்லாம் பிரிவு என்றுதான் சொல்லுவோம், அதில் துக்கம் ஒன்றுமில்லை, பஸ்காரர் "பிரிவெல்லாம் எறங்கு" என்பார், நாங்கள் சிரித்த முகத்தோடு இறங்குவோம். அந்தப் பிரிவில், புளியமரத்தடியில், சாயங்காலமானால் பாவாயியும் அவள் புருஷன் செங்கோடனும் தள்ளுவண்டியில் முட்டைக்கடை போடுவார்கள். அவித்த முட்டை பாவாயியின் பொறுப்பு. ஆம்லெட்டும் கலக்கியும் செங்கோடனுடையது. கலக்கி என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும்: முட்டையை உடைத்துக் கொஞ்சம் குழம்பும் மிளகுத்தூளும் விட்டு அடித்து, கல்லில் ஊற்றி, வெந்தும் வேகாமலும் இருக்கிற அந்த ஒரு நொடியில் மடித்து எடுப்பது. முந்தினால் சளி, பிந்தினால் ரப்பர். செங்கோடன் அந்த நொடியைத் தவறவிட்டதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

பாவம், அந்த நொடியைப் பார்க்கத்தான் அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இடது கண் முன்னாலேயே போய்விட்டது. இளவட்டத்தில் சேவல்கட்டுப் பார்க்கப் போனவர், கட்டுச்சேவலின் காலில் இருந்த கத்திக்கு ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தோற்ற சேவலின் கறியோடு வீடு திரும்பினார். மிச்சமிருந்த வலது கண்ணில் இப்போது புரை விழுந்தது. முட்டைக்கார ஊர் அல்லவா, நாங்கள் புரை என்று சொல்லவில்லை, "செங்கோடனுக்குக் கண்ணு வெந்துட்டு வருது" என்றோம். பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும், கண்மணிக்குள் கொதிதண்ணீர் பட்ட வெள்ளைக்கரு மாதிரி ஒரு வெளுப்பு. கண்ணாஸ்பத்திரியில் சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை.

"கத்திக்கு ஒரு கண்ணு குடுத்தாச்சு," என்றார். "ரெண்டாவதும் குடுக்கறதுக்கு நானென்ன கர்ணனா?"

"அது கத்தி இல்லீங்களாமா, என்னமோ ஊசி மாதரயாம்," என்பாள் பாவாயி.

"ஊசி, கத்திக்குத் தம்பி."

அவள் பேச்சை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிவருவாள். சாலையைத் தாண்டுகிறபோது இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, பக்கத்துப் பரோட்டாக் கடை சையது, "புதுப் பொண்ணு மாப்பிள்ளை வர்றாங்க, வழி விடுங்கப்பா," என்று கரண்டியால் கல்லைத் தட்டுவார். தினமும் அதே கேலி, தினமும் பாவாயி அதே மாதிரி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அவருக்கு மிச்சமிருந்த வெளிச்சம் அந்தக் கைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் காற்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஒரு லாரி டிரைவர் அவித்த முட்டை கேட்டார். பாவாயி முட்டையை எடுத்துத் தட்டில் சுற்றினாள், நேராகச் சுற்றியது. தட்டி உடைத்து ஓட்டை உரித்தாள், வெள்ளை வெளேரென்று இருந்தது. உரித்ததை உள்ளங்கையில் வைத்தாள், அவள் விரல் பட்ட இடத்திலிருந்து அந்த வெள்ளை, பனி விலகுகிற மாதிரி விலகிக் கண்ணாடியாகி, கண்ணாடி இளகி, உள்ளே திடமாக இருந்த மஞ்சள் கரு தளும்பிச் சரிந்து, எல்லாமாக அவள் முழங்கை வழியாக வழிந்து சொட்டியது. அவித்த முட்டைக்கு உண்டான அந்தக் கந்தக வாடைகூட இல்லை, அப்போதுதான் இட்ட முட்டையின் வாடை.

டிரைவர் தன் சட்டையைப் பார்த்தார். "ஏனுங்கக்கா, அடுப்பே பத்த வெக்கலீங்களா?"

"வெச்சனே சாமி. கொதிச்சு முடிஞ்சுதே."

"செரி, அப்ப அதையே ஆம்லெட்டாப் போட்டுருங்க."

அவ்வளவுதான். யாரும் கூச்சல் போடவில்லை. அடுத்த முட்டையும் அப்படியே போனது, அதற்கடுத்ததும். அப்புறம் செங்கோடன், "நீ இங்குட்டு வா, நான் உரிக்கறேன்," என்று இடத்தை மாற்றிக்கொண்டார், வியாபாரம் நடந்தது. நான் அன்றைக்கு இரண்டு கலக்கி சாப்பிட்டேன்.

ஒரு வாரத்தில் ஊர் அதைத் தனக்குத் தோதாக மடித்து வைத்துக்கொண்டது. கல்யாணத்தில் மீந்துபோன அவித்த முட்டையை அண்டாவோடு கொண்டுவந்து, "அம்மிணி, இதையெல்லாம் பச்சையாக்கிக் குடு, நாளைக்கு வேற விசேஷம் இருக்குது," என்றார் சமையல்காரர். புளித்த தயிரைக் கொண்டுவந்தவர்கள் பாலாக வாங்கிப் போனார்கள். பியூட்டி பார்லரில் சுருட்டிவிட்ட கூந்தல் பிடிக்காமல் அழுத ஒரு கல்யாணப்பெண்ணின் தலையை அவள் தடவிக்கொடுத்ததும், பிறந்தபோது இருந்த மாதிரி முடி நேராக விழுந்தது. சைவக்காரர் ஒருத்தர் வந்து, வெந்து திரும்பிய முட்டை எச்சிலா, மறுபிறவியா, எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். சையது வீட்டு நாட்டுக்கோழி அடைகாத்த முட்டைகளுக்கு நடுவே, பாவாயி ஓட்டோடு நெடுநேரம் உள்ளங்கையில் பொத்திப் பச்சையாக்கிய ஒரு நாட்டு முட்டையையும் வைத்துப் பார்த்தோம். பொரிந்தது. குஞ்சு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாராவது வெந்நீர் எடுத்து வருவதைப் பார்த்தால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடிப்போய்க் கூடைக்குள் ஒளிந்துகொள்ளும். சுற்றிப் பாருங்கள், இந்தச் சொல்லையும். நேராகத்தானே சுற்றுகிறது?

கோழி டாக்டரம்மா மங்கையர்க்கரசி ஒருநாள் வந்தார். பண்ணைப் பண்ணையாகப் போய்க் கோழிக்கு வைத்தியம் பார்க்கிறவர், மனுஷர்களையும் கோழியைப் பார்க்கிற அதே பரிவோடு பார்ப்பார். பாவாயியின் கையில் ஒரு முட்டையை வைத்து, அது கரைவதைக் குனிந்து பார்த்து, இன்னொன்று வைத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, பெருமூச்சு விட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றினார்.

"பாருங்கக்கா. முட்டைக்குள்ள இருக்கறது இந்த மாதிரி சரம்தான். கண்ணுக்குத் தெரியாத சரம், கோடி கோடியா. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கொணம். ஒண்ணு தண்ணியக் கண்டா உள்ள ஓடி ஒளிஞ்சுக்கும். ஒண்ணு தண்ணியத்தான் தேடும். ஒண்ணு பக்கத்துப் பூவோட லேசா வெரல் கோத்துக்கும், சும்மா இழுத்தா விட்டுரும். கந்தகம் வெச்சிருக்கற பூ ரெண்டு இருந்தா, சரத்துல எத்தன தூரத்துல இருந்தாலும் தேடிப்போயிக் கையக் கெட்டியாப் புடிச்சுக்கும், அது லேசுல விடாது." சரம் அவர் விரலில் சுருண்டு, மடிந்து, ஒரு சின்ன உருண்டையாக நின்றது. "இப்படி ஓடறதும் ஒளியறதும் புடிக்கறதுமா, சரம் தானா மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வந்துரும். யாரும் மடிக்க வேண்டியதில்ல. பூ கோத்த வரிசையிலயே அதோட மடிப்பு இருக்குது. இதுக்குப் பேருதான் புரதம். அந்தப் புடிக்குப் பேரு பந்தம்."

இங்கேதான் வந்தது வினை. இப்போதைய பாடப்புத்தகத்தில் பிணைப்பு என்று போடுகிறார்களாம். டாக்டரம்மா படித்தது எந்தக் காலத்துப் புத்தகமோ, பந்தம் என்றார். பிணைப்பு என்று சொல்லியிருந்தால் எனக்குச் சொல்ல இந்தக் கதையே இருந்திருக்காது.

"சூடு பட்டா அந்தப் புடியெல்லாம் விட்டுப்போயி, சரம் அவுந்து, ஒண்ணோட ஒண்ணு சிக்குப் புடிச்சுக்கும். வெளிச்சம் உள்ள போக வழியிருக்காது. அதான் வெள்ளையாத் தெரியுது."

"என்ற கண்ணு மாதர," என்றார் செங்கோடன், முட்டையை உரித்துக்கொண்டே.

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்கய்யா. அச்சு அசலா அதேதான். கண்ணுக்குள்ளயும் கண்ணாடி மாதிரி இதே சரம்தான் இருக்குது, வயசாக ஆகச் சிக்குப் புடிச்சுக்குது."

"அப்ப இவ கை என்ன பண்ணுது?"

"அது தெரியலீங்க. சிக்குப் புடிச்ச பந்தத்த அவுத்துருதுங்கறது மட்டும் தெரியுது. அக்கா, நீங்க எதுக்கும் கொஞ்சம் சாக்கிரதையா இருந்துக்கங்க. முட்டைன்னு இல்ல, மனுஷ ஒடம்பே பந்தத்துலதான் நிக்குது."

செங்கோடன் காதில் விழுந்தது கண் என்ற சொல். பாவாயி காதில் விழுந்தது பந்தம் என்ற சொல். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாயிலிருந்து வந்ததைக் கேட்டு, இரண்டு பேரும் இரண்டு ஊருக்குப் போனார்கள்.

பாவாயி வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து தன் கல்யாணக் கூறைப்பட்டை எடுத்தாள். மனசு கலங்கினால் அதைத் தொட்டுப் பார்ப்பது அவளுக்கு வழக்கம். தொட்டாள். அரக்குச் சிவப்பு அவள் கையில் ஈரமானது, மடிப்பு மடிப்பாக நெகிழ்ந்து, புழுவின் வயிற்றில் இருந்த காலத்துக்குத் திரும்பித் தேன் மாதிரி வழுவழுவென்று தரையில் வழிந்தது, நடுவில் சரிகை மட்டும் ஒரு கைப்பிடி மிஞ்சியது. அதை ஒரு பித்தளைத் தட்டில் அள்ளி வைத்துவிட்டு அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள். இரண்டு பேரையும் சேர்த்து வைத்த கூறைப்பட்டே அவிழ்ந்துபோனால் அப்புறம் எது நிற்கும்?

அன்றையிலிருந்து அவள் புருஷனைத் தொடவில்லை.

அவர்கள் மகள் பூங்கொடியின் கல்யாணத்தில் அடித்த தாம்பூலப் பைகள் ஒரு கட்டு மிச்சமிருந்தன. தமிழ்நாட்டில் எந்த வீட்டில்தான் மிச்சமில்லை? மஞ்சள் துணிப்பை, ஒரு பக்கம் மகள் மருமகன் பேர், மறுபக்கம் கும்பிடுகிற கை, கீழே நன்றி. அதில் பைக்கொன்றாக இரண்டு கையையும் நுழைத்து, மணிக்கட்டில் நாடாவால் கட்டிக்கொண்டாள். பருத்தியை அவள் கை ஒன்றும் செய்யவில்லை. பையோடு சோறாக்கினாள், பையோடு கோலம் போட்டாள், அந்தக் கோலங்கள் யானை மிதித்த மாதிரி இருந்தன. திருப்பூரிலிருந்து வந்த பூங்கொடி "என்னம்மா இது" என்று கட்டிக்கொள்ள வந்தபோது, பாவாயி கிணற்றடி வரைக்கும் ஓடிப்போய்விட்டாள்.

சாலையைத் தாண்ட ஒரு மூங்கில் குச்சி வந்தது. முன்முனை அவளிடம், பின்முனை அவரிடம். முதல்நாள் அப்படி வந்தபோது சையது கரண்டியைத் தூக்கி, தூக்கியபடியே நிறுத்தி, பிறகு அதால் பரோட்டாவைத் திருப்பிப் போட்டார். அந்தக் கேலி அன்றோடு நின்றது. ஊரே எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் ஊர் என்பது சும்மா இருக்குமா? பாவாயி கை பந்தத்தை அவிழ்க்கும் என்ற சேதி ஆடிக் காற்றைவிட வேகமாகப் போனது. வெளியூரிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். பிரிவு நிறுத்தத்தில் இறங்கிப் பிரித்துவிடச் சொல்லிக் கேட்டார்கள், அதற்கென்றே அரசாங்கம் அந்த இடத்துக்குப் பேர் வைத்தது என்று நினைத்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினை ஆகாத அண்ணன் தம்பி வந்தார்கள், "ஒரே ஒரு தடவ ரெண்டு பேரு தோள்லயும் கைய வெச்சு உட்ருங்க" என்று. ஒரு மாமியார் மகனை மட்டும் கூட்டிவந்து, மருமகள் பேரைச் சொல்லி ஒரு தட்டுத் தட்டச் சொன்னாள். கடன் பிணையிலிருந்து விடுபட ஒருத்தர் வந்தார். பீடிப் பழக்கத்துக்கும் தனக்கும் உள்ள பந்தத்தை அறுக்க ஒருத்தர் வந்து, காத்திருந்த நேரத்தில் ஒரு கட்டுப் பீடியைக் காலி செய்தார். அதே ஜனங்கள் கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தால், மரியாதையாக, நாற்காலி போட்டு, பந்தலுக்கு வெளியே காற்றோட்டமாக உட்கார வைத்தார்கள். "இங்க நல்லா இருக்குதுங்கக்கா, உள்ள ஒரே புழுக்கம்." அவளும் சிரித்துக்கொண்டு, பைக்குள் இருந்த கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டு வந்த ஒருத்தருக்கும் அவள் கையை அவிழ்க்கவில்லை. "எனக்கு ஆனதே போதும், உங்களுக்கும் எதுக்குங்க," என்பாள்.

செங்கோடன் வேறு மாதிரிக் கெஞ்சினார்.

"பாவாயி, ஒரு தடவ. இந்தக் கண்ணு மேல கைய வெய்யி."

"மாட்டனுங்க."

"டாக்டரம்மா சொல்லிச்சே, ரெண்டும் ஒண்ணுதான்னு."

"பட்டுச்சேலை என்னாச்சுன்னு தெரியுமில்ல? கண்ணு தண்ணியாப் போயி ஒழுகிருச்சுன்னா? நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அங்க எவனோ ஒரு பையன் கத்தியோட நிப்பான். உன்ற கைன்னா எனக்குத் தெரியும்."

"அந்தக் கைதான் வேண்டாங்கறேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயி, நீங்க யாரோ நான் யாரோன்னு ஆயிட்டா நான் எங்க போவேன்?"

அவர் மூங்கில் குச்சியை எடுத்து நீட்டினார். "இப்ப மட்டும் எப்படி இருக்கறமாம்?" என்றார். "குச்சியோட இந்த முனையில நான் யாரோ. அந்த முனையில நீ யாரோ."

அவள் பையின் நாடாவைப் பல்லால் இழுத்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

புரட்டாசி வந்தது. ஊரில் பாதிப்பேர் விரதம், முட்டைக்கடை ஈயோட்டியது. செங்கோடனின் கண் முழுசாக வெந்துவிட்டது, வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் கலக்கி போட்டார். கல் எங்கே, குழம்புச் சட்டி எங்கே, வெந்நீர் அண்டா எங்கே என்று கைக்கு மனப்பாடம். கலக்கி மடிக்கவேண்டிய நொடியைக் காதால் கேட்டார், "சத்தம் மெலிஞ்சா மடிக்கோணும்" என்பார். வண்டியில் ஒரு பொருளை யாரும் நகர்த்தக்கூடாது, அது ஒன்றுதான் சட்டம்.

அன்றைக்கு நகர்ந்தது. மழை தூறியதால் யாரோ வண்டியை மரத்தை ஒட்டித் தள்ளினார்கள், தள்ளியபோது அண்டா ஒரு முழம் தள்ளி நின்றது. டாக்டரம்மா பெஞ்சில் கலக்கிக்குக் காத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பாவாயி மழையில் நனைந்த வலது கைப் பையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். செங்கோடன் குழம்புச் சட்டி என்று நினைத்து, தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்குள் கையை நீட்டினார்.

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பாவாயி மட்டும் தாவினாள். வெறுங்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

பிடித்த பிறகுதான் தெரிந்தது, பிடித்தது எந்தக் கை என்று. விடப் பார்த்தாள். அவர் விடவில்லை, தன் மற்றொரு கையை அவள் கை மேல் வைத்து அழுத்திக்கொண்டார். மழை, புளியமர இலைகளில் தட்டிக்கொண்டிருந்தது. சையது கடையில் பரோட்டா கருகியது. அவர் கரையவில்லை. அவர் கை இளகவில்லை, வழியவில்லை, நீங்கள் யார் என்று அவளைக் கேட்கவும் இல்லை. மணிக்கட்டில் பழைய தோசைக்கல் தழும்பு ஒன்று உண்டு, ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கிப்போய்க் கிடக்கும், கடை போட்ட புதிதில் சுட்டுக்கொண்டது. அது மட்டும் எங்கள் கண் முன்னால் மெல்ல நிரவி, விரிந்து, சின்னப்பையன் கை மாதிரி வழவழப்பானது.

அவர் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "புள்ள, வெந்த எடம் போயிருச்சு," என்றார். "வேகாத எடம் அப்படியே இருக்குது."

"விடுங்க."

"உன்ற கை எதையும் அவுக்கலடி. வெந்துபோனத, முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியாக்குது. முட்டை கோழிக்குப் போகுது, தயிரு மாட்டுக்குப் போகுது. உன்ற பட்டும் வெந்நீர்ல போட்ட கூட்டுல இருந்து உருவுனதுதான், அது புழுகிட்டப் போயிருச்சு. போகட்டும், அதுக்கும் வீடு இருக்கும்ல?"

"அப்ப நாம?"

"நாம எங்கடி வெந்தோம்?"

பாவாயி டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா எழுந்து நின்றிருந்தார், கண்ணெல்லாம் தண்ணீர். "எனக்குத் தெரியாதுங்கக்கா," என்றார். "கோழிக்குன்னாக்கூட இதுக்கு மருந்து தெரியாது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுவேன். சிக்க எடுத்து உட்டா, சரத்துக்குத் தன்னோட மடிப்பு தெரியும். அது மறக்காது."

செங்கோடன் அவள் கையைத் தூக்கித் தன் வலது கண் மேல் வைத்துக்கொண்டார்.

"தண்ணியாப் போயிருச்சுன்னா?" என்றாள்.

"மொதல்ல தண்ணி மாதரதான இருந்துச்சு."

அவள் கையை எடுக்கவில்லை. அவள் உள்ளங்கை அந்த இமை மேல், முட்டையை ஏந்துகிற மாதிரி, பாரம் வைக்காமல் இருந்தது. அடுப்பு மழைச்சாரலில் சீறிச் சீறி அடங்கியது, பஸ் ஒன்று வந்து நின்றது, நடத்துநர் பிரிவெல்லாம் எறங்கு என்று கத்த வாயெடுத்தவர் எங்களைப் பார்த்துச் சத்தத்தை விழுங்கிக்கொண்டார், இறங்கினவர்கள் குடை விரிக்க மறந்து நின்றார்கள், பாகம் கேட்டு வந்த அண்ணன் தம்பியும் அந்த நேரம் பார்த்துத்தான் மறுபடி வந்து இறங்கினார்கள், தம்பி தலையில் மழை விழாமல் அண்ணன் தன் துண்டை இழுத்துப் போட்டார், போட்டது அவருக்கே தெரியாது. அவள் விரலிடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. கண்தான் ஒழுகுகிறது என்று நினைத்தோம். அப்புறம் பார்த்தால் அது கண்ணீர், அவருடையது பாதி, அவளுடையது பாதி.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

செங்கோடன் இமையைத் திறந்தார். கண்மணி கருகருவென்று, இப்போதுதான் இட்ட முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிந்து இருந்தது, அதற்குள் புளியமரமும் வண்டியில் தொங்கிய லாந்தரும் குட்டியாகத் தெரிந்தன. கூச்சத்தில் கண்ணைச் சிமிட்டினார். முகத்தை மூடிக்கொண்டு நின்ற பாவாயியின் பக்கம் திரும்பினார். அவள் முகம் தெரியவில்லை, முகத்துக்கு முன்னால் இருந்தது இன்னும் பைக்குள் கிடந்த இடது கை. அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, பள்ளிக்கூடத்தில் முதல் வரி வாசிக்கிற மாதிரி எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

"தங்... கள்... வரு... கைக்கு..."

பாவாயி மெல்லக் கையைத் தாழ்த்தினாள்.

"...நன்றி," என்றார் செங்கோடன், இப்போது எழுத்தைப் பார்க்காமல்.

சையது கரண்டியால் கல்லைத் தட்டினார். "வழி விடுங்கப்பா," என்றார். குச்சியை யாரோ எடுத்து அடுப்பில் வைத்துவிட்டார்கள். ஈரக் குச்சி, நெடுநேரம் புகைந்தது. டாக்டரம்மாவுக்கு அன்றைக்குக் கலக்கி கொஞ்சம் வெந்துபோனது, செங்கோடன் போட்டதிலேயே அது ஒன்றுதான் தப்பு. கல்லைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் இடது கைப் பையைக் கழற்றாமலே பாவாயி உரித்த முட்டை வெள்ளையாகவே இருந்தது. தயிர் தயிராகவே இருந்தது. ஊருக்குச் சின்ன ஏமாற்றம்தான், சமையல்காரர் அண்டாவைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். பாகம் கேட்டு வந்த அண்ணன் தம்பி, அதே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டே ஊருக்குப் போனதாகக் கேள்வி. கல்யாண வீடுகளில் பாவாயியை முன்வரிசைக்குக் கூப்பிட்டார்கள். பித்தளைத் தட்டிலிருந்த அந்தச் சரிகையை அவள் ஒரு சாதாரண நூல்சேலையின் கரையில் தைத்துக்கொண்டாள். அதை உடுத்திக்கொண்டு, கை கோத்துக்கொண்டு, சாயங்காலமானால் இரண்டு பேரும் சாலையைத் தாண்டுவார்கள். அவருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, கையைப் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவும் வலது கையின் கதை. இடது கை அன்றைக்கும் மறுநாளும் பைக்குள்ளேயே இருந்தது, அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கேட்டால் பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். நான் எதுவும் சொல்லமாட்டேன். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, பேப்பரில் பொடி எழுத்தைக்கூட வெறும் கண்ணால் வாசிக்கிறேன், அது எங்கள் பரம்பரை வாகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை நான் சொன்னதாக எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். என் மருமகன் நாமக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், பொல்லாத கோபக்காரன், எனக்கு இன்னும் கொஞ்ச காலம் அவன் வீட்டில் சோறு சாப்பிடவேண்டியிருக்கிறது. யாராவது வற்புறுத்திக் கேட்டால், ஒரு கோழி சொன்னது என்று சொல்லுங்கள். எந்தக் கோழி என்று கேட்டால், வெந்நீரைக் கண்டால் ஓடி ஒளியுமே, அந்தக் கோழி.